தலைப்புச் செய்தியில் மூழ்கிய கப்பல்கள்: போர்க்காலப் பத்திரிகைகளைத் திரும்பிப் பார்த்தால்

பழம்பேப்பர்

போர் நடக்கும்போது வந்த தலைப்புச் செய்திகளை, போர் முடிந்து இரண்டு தரப்புக் கணக்கும் வெளியே வந்த பிறகு எடுத்துப் படித்தால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அதிலும் கப்பல் செய்திகள் தனி ரகம். ஒரு ஊரைப் பிடித்துவிட்டோம் என்று பொய் எழுதினால் அந்த ஊர்க்காரனுக்காவது உண்மை தெரியும், நடுக்கடலில் நடந்ததை யார் போய்ப் பார்ப்பது? அதனால் எவ்வளவு பெரிய கப்பலையும் அச்சுக்கூடத்தில் வைத்தே மூழ்கடித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆர்க் ராயல் கதை. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல். 1939 செப்டம்பர் 26ஆம் தேதி, போர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வட கடலில் ஒரு ஜெர்மன் விமானி பெரிய குண்டு ஒன்றைப் போட்டார். குண்டு கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. அடித்தது போலத் தெரிந்தது, உறுதியாகச் சொல்ல முடியாது என்கிற அளவில்தான் அந்த விமானி அறிக்கை கொடுத்தார், மனிதர் நேர்மையானவர். ஆனால் பெர்லினில் அது கப்பலை மூழ்கடித்த செய்தியாகி, பத்திரிகைகள் கொண்டாடி, அவருக்குப் பதக்கமும் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? ஜெர்மன் வானொலி ஆங்கிலத்தில் "ஆர்க் ராயல் எங்கே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது. பிரிட்டிஷ்காரர்கள் லண்டனில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரியைக் கப்பலுக்கே அழைத்துப்போய்க் காட்டினார்கள். அப்படியும் கேள்வி நிற்கவில்லை.

இதில் உச்சம் என்னவென்றால், 1941 மே 26 அன்று ஜெர்மனியின் பெருமையான பிஸ்மார்க் போர்க்கப்பலின் சுக்கானை டார்பிடோவால் அடித்து முடமாக்கிய விமானங்கள் இந்த ஆர்க் ராயலில் இருந்துதான் கிளம்பின. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே "மூழ்கிவிட்ட" கப்பல்!

உங்களுக்குத் தெரிந்ததைப் போடுங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸாப் கதை வேண்டாம், இரண்டு பக்கமும் சரிபார்க்கப்பட்ட சங்கதியாக இருக்கட்டும்.

மெரினாக்காற்று

நம்ம ஊர்க் கப்பலை விட்டுவிட்டு வேறெங்கோ போகலாமா? நம்ம ஊர்க் கப்பல் என்று சொல்வது உரிமையில்தான், குண்டு போட்டவன் என்றாலும் எம்டன் நமக்குச் சொந்தம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துக்கு வந்து பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பல்தான், இன்றைக்கும் "அவன் சரியான எம்டன்" என்று சொல்கிறோமே, அதற்கு மூலம்.

எம்டன் வங்காள விரிகுடாவில் வரிசையாகக் கப்பல்களைப் பிடித்ததே, அதில் முதலில் மாட்டியவற்றில் ஒன்று இண்டஸ். பிடித்துப் பார்த்தால் உள்ளே சோப்பு, பெட்டி பெட்டியாக. எம்டனிலோ சோப்பு தீர்ந்துபோய் மாலுமிகள் தவித்துக்கொண்டிருந்த நேரம். சரி, அப்புறம் நடந்ததுதான் விசேஷம். கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் சோப்புக் கம்பெனிக்காரர்கள் விளம்பரம் கொடுத்தார்கள்: இண்டஸில் எங்களுடைய எலிசியம் சோப்பு 150 பெட்டி இருப்பது தெரிந்துதான் எம்டன் அதைத் துரத்தியது, இப்போது எம்டன்காரர்களும் அவர்கள் துணிமணிகளும் சுத்தமாக மணக்கிறார்கள், நீங்களும் வாங்கிப் பாருங்கள்! இந்த விளம்பரம் வந்த பத்திரிகை, பின்னால் பிடிபட்ட இன்னொரு கப்பலில் எம்டன்காரர்கள் கைக்கே கிடைத்து அவர்களும் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கப்பலில் இருந்தவர்கள் பின்னால் எழுதிய நினைவுகளில் இருக்கிறது.

கடல் வழியே மூடிக் கிடக்கிறது, இன்சூரன்ஸ் எகிறுகிறது, எந்தக் கப்பலும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவில்லை, அந்த நேரத்திலும் சரக்கு விற்கத் தெரிந்திருக்கிறது பாருங்கள். அந்த விளம்பரம் எழுதியவர் யாரென்று தெரிந்தால் கும்பிடுவேன்.

கணக்குப்பிள்ளை

கப்பல் என்றால் 1944 அக்டோபர்தான் சக்கரவர்த்தி. இதை முழுசாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 12ஆம் தேதி தொடங்கி நான்கைந்து நாள் தைவானைச் சுற்றிச் சண்டை. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்கள் கூட்டமாக வந்து அடிக்கின்றன, ஜப்பான் விமானங்கள் பதிலுக்குப் போகின்றன. கடைசியில் டோக்கியோவின் போர்த் தலைமையகம் அறிவித்த கணக்கு: விமானந்தாங்கிக் கப்பல் மட்டும் 11 மூழ்கடிப்பு, 8 சேதம், ஆக 19. இது தவிரப் போர்க்கப்பல்கள், அவற்றைவிடச் சிறிய குரூசர்கள் தனி. பத்திரிகைகளில் தலைப்பு எவ்வளவு பெரிதாக வந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரவர்த்தியே பாராட்டு ஆணை வெளியிட்டார், டோக்கியோவில் கொண்டாட்டக் கூட்டம் போட்டார்கள்.

உண்மையில் மூழ்கிய அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் எத்தனை? பூஜ்யம். கான்பெரா, ஹூஸ்டன் என்று இரண்டு குரூசர்கள் பலத்த அடி வாங்கின, அவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜப்பான் பக்கமோ நூற்றுக்கணக்கான விமானங்கள் காலி.

அமெரிக்கத் தளபதி ஹால்ஸி இதற்கு ஒரு செய்தி அனுப்பினார், அதை அவர்களே பத்திரிகைகளுக்கும் கொடுத்தார்கள். டோக்கியோ வானொலி மூழ்கியதாகச் சொன்ன கப்பல்கள் எல்லாம் மீட்கப்பட்டு, எதிரியை நோக்கி அதிவேகமாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன என்று! போர்க்கால அறிக்கைகளிலேயே நான் மனப்பாடமாக வைத்திருப்பது இது ஒன்றுதான்.

19 எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும், யாரோ உட்கார்ந்து கற்பனை செய்த எண் இல்லை அது. அனுபவமுள்ள விமானிகள் பெரும்பாலும் செத்துப்போயிருந்தார்கள், போனவர்கள் புதுப் பையன்கள். இருட்டில் தாக்கினார்கள். தங்கள் விமானமே கடலில் விழுந்து எரிவதைப் பார்த்து, எதிரிக் கப்பல் எரிகிறது என்று வந்து சொன்னார்கள். அதே தீயைப் பார்த்த மூன்று பேர் மூன்று கப்பல் என்றார்கள். தளத்தில் இருந்த அதிகாரி, உயிரைக் கொடுத்துவிட்டு வந்த பையன்களிடம் எப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பது என்று எல்லாவற்றையும் அப்படியே கூட்டினார். மேலே போகப் போக எண் ஏறியதே தவிர யாரும் கழிக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சில நாளிலேயே வேவு விமானங்கள் போய்ப் பார்த்தபோது அமெரிக்கக் கப்பல்கள் முழுசாக மிதக்கின்றன. கடற்படைக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் தங்கள் தரைப்படைக்கே சொல்லவில்லை. ஹோரி என்கிற தரைப்படை உளவு அதிகாரி, விமானத் தளத்துக்கே போய் விமானிகளை விசாரித்து இது நம்பத் தகுந்ததில்லை என்று தந்தி கொடுத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. எதிரியின் கப்பற்படை ஒழிந்துவிட்டது என்று நம்பிய தலைமை, பிலிப்பைன்ஸில் லூசோன் தீவில் வைத்துச் சண்டை போடுவதாக இருந்த திட்டத்தை மாற்றி, படைகளை லெய்ட்டே தீவுக்கு அனுப்பச் சொன்னது. தளபதி யமஷிதா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. மூழ்கியதாகச் சொன்ன அதே கப்பல்களில் இருந்து வந்த விமானங்கள் அந்தப் படைக் கப்பல்களை வழியிலேயே அடித்தன, லெய்ட்டேயில் செத்த ஜப்பான் வீரர்கள் பல்லாயிரம்.

எதிரியை ஏமாற்ற எழுதிய தலைப்பு இல்லை இது. அச்சடித்தவன் வீட்டிலேயே போய் வெடித்த தலைப்பு.

ரங்கநாயகி

கணக்குப்பிள்ளை சார், அருமையாகச் சொன்னீர்கள், ஆனால் ஜப்பானையும் ஜெர்மனியையும் மட்டும் வைத்துச் சிரித்தால் எனக்கு மனசு ஒப்பாது. ஜெயித்தவர்கள் வீட்டுப் பேப்பரையும் பிரிப்போம்.

1941 டிசம்பர் 10. பேர்ல் ஹார்பரில் அடி வாங்கி மூன்று நாள். அமெரிக்காவுக்கு உடனடியாக ஒரு நல்ல செய்தி வேண்டும். பிலிப்பைன்ஸில் காலின் கெல்லி என்கிற விமானி ஜப்பானின் ஹருணா போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டு உயிர்த்தியாகம் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதின. சொல்லச் சொல்ல வளர்ந்து, விமானத்தையே கப்பலின் புகைபோக்கிக்குள் கொண்டுபோய் மோதினார் என்கிற வரைக்கும் போய்விட்டது. ஹருணா அன்றைக்கு அந்தப் பக்கத்திலேயே இல்லை. போர் முழுக்க ஓடி, 1945 ஜூலை மாசக் கடைசியில் குரே துறைமுகத்தில்தான் அடிபட்டு உட்கார்ந்தது.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், கெல்லி உண்மையில் செய்ததே பெரிய காரியம். விமானம் தீப்பிடித்ததும், கூட இருந்தவர்கள் குதித்துத் தப்பிக்கும்வரை தான் இருக்கையை விட்டு எழாமல் பிடித்துக்கொண்டிருந்து செத்துப்போனார். இருபத்தாறு வயசு. அதை எழுதினால் போதாதா? அதற்கு மேல் ஒரு போர்க்கப்பல் எதற்கு? பொய்யைப் பூசியதால், பின்னால் உண்மை தெரிந்தபோது அவர் கதையே பொய் என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள். அது அநியாயம்.

அப்புறம் 1940 செப்டம்பர் 15, லண்டன் மேல் பெரிய விமானச் சண்டை. 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினோம் என்று அறிவித்தார்கள், மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதுதான். போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் ஏறக்குறைய 60. அந்த நாட்களில் லண்டன் தெருமுனையில் பேப்பர் விற்பவர்கள் பலகையில் அன்றைக்கு விழுந்த விமானக் கணக்கை, அவர்களுக்கு எத்தனை நமக்கு எத்தனை என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சாக்பீஸில் எழுதி வைத்திருப்பார்கள், புகைப்படங்கள் இருக்கின்றன. தலைக்கு மேல் குண்டு விழும் ஊரில் அப்படி எழுதி வைக்க ஒரு தெம்பு வேண்டும், அந்தப் பேப்பர்காரர்களை எனக்குப் பிடிக்கும்.

திருமலை_மைந்தன்

வணக்கம் எல்லோருக்கும். 1942 ஏப்ரலை ஒருவரும் எடுக்கவில்லை, அதனால் வந்தேன். ஜப்பான் விமானங்கள் தாக்கியது ஏப்ரல் 5 கொழும்பு, 9 திருகோணமலை. கொழும்புத் தாக்குதல் நடந்த அன்றே டோர்செட்ஷையர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்கள் கடலில் மூழ்கின. 9ஆம் தேதி ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது, இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது, நல்ல அனுபவமுள்ள சுழியோடிகள் இறங்கிப் பார்க்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான் அண்ணே. அந்த மாதங்களில் ஜப்பான் தரப்பு அறிக்கைகளைப் பார்த்தால் பெரும்பாலும் உண்மைக்குக் கிட்ட இருக்கும். ஹெர்மிஸை மூழ்கடித்தோம் என்றால் மூழ்கடித்திருந்தார்கள். ஜெயிக்கிறவனுக்குப் பொய் தேவைப்படவில்லை. அன்றைக்கு எண்ணைப் பெருக்கியது பிரிட்டிஷ் பக்கம்தான். கொழும்பிலும் திருகோணமலையிலும் வீழ்த்தியதாகச் சொன்ன ஜப்பான் விமானங்களின் எண்ணிக்கை, உண்மையில் விழுந்ததைவிட மிகவும் கூட. தலைப்பு எழுத்து எந்தப் பக்கம் தடிக்கிறதோ அந்தப் பக்கம் அடி விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த மாற்றம் எந்தத் தேதியில் நடந்தது என்றே காட்டலாம், இரண்டே மாசம் கழித்து பசிபிக் கடலில் மிட்வே தீவுச் சண்டை. ஜப்பான் இழந்தது நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள், அமெரிக்கா இழந்தது யார்க்டவுன் ஒன்று. 1942 ஜூன் 10 அன்று டோக்கியோ அறிவித்தது: எதிரியின் இரண்டு காலி, எங்களுக்கு ஒன்று போனது, ஒன்றுக்குச் சேதம். தோல்வியை வெற்றியாக்கிவிட்டார்கள். பிழைத்து வந்த காயம்பட்ட மாலுமிகளை ஆஸ்பத்திரியில் தனியாகப் பூட்டி, குடும்பத்தாரைக்கூடப் பார்க்கவிடவில்லை. ஒரு தலைப்பைக் காப்பாற்ற இத்தனை பேரை அடைத்து வைக்க வேண்டியிருந்தது.

நெய்தல்

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்று. மூழ்கியே போன கப்பலை மிதக்க வைத்த பத்திரிகைகள்!

1914 அக்டோபர் 27, அயர்லாந்தின் வடக்குக் கரைக்கு அப்பால் பிரிட்டனின் புத்தம் புதுப் போர்க்கப்பல் ஆடேஷியஸ் கண்ணிவெடியில் மாட்டியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்தது யார் தெரியுமா, டைட்டானிக்கின் அக்காக் கப்பல் ஒலிம்பிக், பயணிகளோடு. கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை, ராத்திரி வெடித்து மூழ்கியது. பயணிகளில் அமெரிக்கர்கள் நிறைய, கையில் கேமரா வேறு. மேல்தளத்தில் வரிசையாக நின்று படம் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். கடற்படையோ செய்தி வெளியே போகக் கூடாது என்று ஒலிம்பிக்கையே சில நாள் நிறுத்தி வைத்தது.

அடுத்த மாசமே அமெரிக்கப் பத்திரிகைகளில் கதை வந்துவிட்டது. ஜெர்மனிக்கும் தெரிந்துவிட்டது. பிரிட்டன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, கப்பல் பட்டியலில் ஆடேஷியஸ் தொடர்ந்து இருந்தது. போர் நின்ற மூன்றாம் நாள், 1918 நவம்பர் 14 அன்றுதான் லண்டன் பேப்பரில் அறிவிப்பு: ஆடேஷியஸ் 1914 அக்டோபரில் மூழ்கியது. நான்கு வருஷம்! உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு செய்தி, சொந்த நாட்டுப் பேப்பர் வாங்கிப் படித்தவனுக்கு மட்டும் தெரியாது.

ஜட்லண்ட் சண்டையில் (1916 மே 31) அதே கடற்படை நேர் எதிராக நடந்தது. தங்கள் இழப்பைப் பட்டியல் போட்டு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள், ஆனால் விளக்கம் ஒன்றும் இல்லை, ஜூன் 3ஆம் தேதி பேப்பர் பார்த்த ஜனங்கள் தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார்கள். ஜெர்மனியில் கொடியேற்றி, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுக் கொண்டாட்டம். அவர்கள் லூட்சோ கப்பல் மூழ்கியதை ஒரு வாரம் மறைத்து வைத்துவிட்டு, 7ஆம் தேதி ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. அதற்கப்புறம் ஜெர்மனி சொன்ன மற்ற எண்களையும் நடுநிலை நாட்டுக்காரர்கள் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். இத்தனைக்கும் கப்பல் கணக்கில் ஜெர்மனியின் கைதான் ஓங்கியிருந்தது, பிரிட்டன் இழந்தது 14, ஜெர்மனி இழந்தது 11. மறைக்காமல் இருந்திருந்தாலே அவர்களுக்கு நல்லது.

புதுசு_வாசகன்

நெப்போலியன் எல்பா தீவிலிருந்து பாரிஸுக்கு வரும்போது பிரெஞ்சுப் பத்திரிகை முதல் நாள் "அரக்கன் தப்பினான்", கடைசி நாள் "மாட்சிமை தங்கிய பேரரசர் வந்தடைந்தார்" என்று தலைப்பை மாற்றிக்கொண்டே வந்ததாமே, அது கப்பல் கதை இல்லைதான், ஆனால் இங்கே பொருந்தும் இல்லையா?

பழம்பேப்பர்

அப்படித் தலைப்பு போட்ட இதழ் எதையும் யாரும் எடுத்துக் காட்டியதில்லை தம்பி. 1815இல் பத்திரிகைகள் கட்சி மாறியது உண்மை, அந்த அழகான வரிசை பின்னால் கட்டியது. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சேர்த்தால் நாமும் ஆர்க் ராயலை மூழ்கடித்தவர்கள் மாதிரி ஆகிவிடுவோம். விட்டுவிடலாம்.

மெரினாக்காற்று

தலைப்பு மாறாமலே நின்ற கதை வேண்டுமானால் 1971. டிசம்பர் 16 சாயங்காலம் டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாஸி சரணடைந்து கையெழுத்துப் போட்டாயிற்று. மறுநாள் காலை கராச்சி டான் பத்திரிகையின் முதல் பக்கத் தலைப்பு: "வெற்றி வரை போர்". பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் வானொலியில் பேசியதைத்தான் அப்படிப் போட்டார்கள். கிழக்கில் நடந்ததைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த அரசாங்க அறிவிப்பு, இரு தரப்பு உள்ளூர்த் தளபதிகளுக்குள் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி சண்டை நின்றிருக்கிறது என்கிற அளவில்தான். பாதி நாடு போய்விட்டது, 93,000 பேர் கைதி, அதற்குப் பெயர் ஏற்பாடு! அந்த ஜனங்கள் எவ்வளவு ஏமாந்திருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது. நாலே நாளில் யாஹ்யா பதவி விலகினார்.

நம்ம பக்கம் மட்டும் ஒழுங்கா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2025 மே மாசம் ஒரு ராத்திரி நம்ம டிவி சேனல்கள் கராச்சித் துறைமுகத்தை அழித்த அழிப்பை எல்லோரும் பார்த்தோம். விடிந்ததும் துறைமுகம் அங்கேயேதான் இருந்தது. இது எனக்குச் சிரிப்பாக இல்லை, எல்லையோரத்தில் ஜனங்கள் பதுங்கிக் கிடந்த ராத்திரி அது.

ரங்கநாயகி

எங்கே சிரிப்பு நிற்க வேண்டும் என்பதற்கு, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போர் நல்ல அளவுகோல். அர்ஜென்டினாவின் பெல்கிரானோ கப்பல் மே 2 அன்று மூழ்கியதும், 4ஆம் தேதி லண்டன் சன் பத்திரிகை "மாட்டினியா!" என்கிற தொனியில் ஒற்றைச் சொல் தலைப்பு போட்டது. செத்தது 323 பேர், பலர் சின்னப் பையன்கள். பின்னால் வந்த பதிப்புகளில் மாற்றினார்கள். அந்தத் தலைப்பை இன்றைக்கும் சிலர் புத்திசாலித்தனம் என்று பகிர்கிறார்கள், என்னால் அதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

அதே போரில் அர்ஜென்டினாப் பக்கம் ஹென்டே என்கிற வாரப் பத்திரிகை மே மாசத் தொடக்கத்தில் "ஜெயிக்கிறோம்" என்று அட்டையில் போட்டது, மாசக் கடைசியில் "தொடர்ந்து ஜெயிக்கிறோம்". ஜூன் 14 சரணாகதி. நடுவில் பிரிட்டனின் இன்வின்சிபிள் விமானந்தாங்கிக் கப்பலை அடித்துவிட்டதாகவும் செய்தி. அந்தக் கப்பல் செப்டம்பரில் போர்ட்ஸ்மத் திரும்பியபோது மகாராணியே போய் வரவேற்றார், மகன் ஆண்ட்ரூ அதில்தான் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். இதைப் பார்த்துச் சிரிக்கலாம், அடியே படாத கப்பல் இது.

திருமலை_மைந்தன்

அக்கா சொன்ன கோடு சரியான இடத்தில்தான் விழுகிறது. போருக்குள் வளர்ந்த எங்களுக்குத் தலைப்பில் இரண்டு எண் வரும், அவர்கள் தரப்பு ஒன்று, மற்றத் தரப்பு ஒன்று. இரண்டிலும் எங்கள் சனம் எத்தனை என்று இருக்காது. கப்பல்களின் கதைக்குச் சிரிக்கலாம், இரும்புதானே.

புதுசு_வாசகன்

ஒரு கேள்வி. எல்லாம் பொய்த் தலைப்பாகவே வருகிறதே, உண்மையை எழுதி மாட்டிக்கொண்ட பத்திரிகை உண்டா?

கணக்குப்பிள்ளை

உண்டு, அதுவும் மிட்வேயில்தான். 1942 ஜூன் 7 அன்று சிகாகோ டிரிப்யூன், ஜப்பானின் தாக்குதல் திட்டம் அமெரிக்கக் கடற்படைக்கு முன்கூட்டியே தெரியும் என்று முதல் பக்கத்தில் போட்டது, ஜப்பான் கப்பல்களின் பெயர்ப் பட்டியலோடு. முக்கியமான சங்கதி உண்மை. அதுதான் பிரச்சினை, ஜப்பானின் ரகசியக் குறியீட்டை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. அரசாங்கம் கொதித்துப்போய் ஆகஸ்டில் பெரு நடுவர் குழு முன்னால் வழக்கைக் கொண்டுபோனது. ஆனால் அந்தச் செய்தியால் என்ன கேடு என்று விளக்க வேண்டுமென்றால் குறியீட்டை உடைத்ததைச் சொல்லியாக வேண்டும், கடற்படை அதற்குச் சம்மதிக்கவில்லை. குற்றம் சாட்ட முடியாது என்று குழு விட்டுவிட்டது. அந்த விசாரணைப் பதிவுகளை வெளியிடலாம் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒத்துக்கொண்டதே 2016இல்தான், அதுவும் ஒரு வரலாற்று ஆசிரியர் வழக்குப் போட்டு வாதாடிய பிறகு.